தகரத்துக்கு அடியில் என்ன வேகிறது? ஜமைக்கா ஜெர்க், முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

வண்டியை நிறுத்தியதும் எங்கள் டிரைவர் சாப்பாட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக அடுப்படிக்குக் கூட்டிப்போனார். இடுப்பளவு உயரத்தில் சிமென்ட் கல் அடுக்கிய நீள மேடை. மேலே பழைய கூரைத் தகரங்கள், கரிபிடித்து நெளிந்தவை. இடுக்குகளில் புகை கசிந்தபடி இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு தகரத்தின் ஓரத்தைச் சாக்குத்துணியால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். உள்ளே கம்பிவலை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மணிக்கட்டு கனத்தில் பச்சை மரக் கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் மேலேயே முதுகைப் பிளந்து விரித்த கோழிகள். வெகு கீழே தணல். தீயின் நாக்கு எங்கும் தெரியவில்லை. கறி வாசம் வரும், மிளகாய் நெடி வரும் என்று தும்மலுக்குத் தயாராக நின்றேன். வந்தது கிராம்பு வாசம். பல் டாக்டர் அறையில் அடிக்குமே, அது. கூடவே ஈர விறகின் புகை.

ஜமைக்காவின் வடகரையில் ஓச்சோ ரியோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், அரைநாள் தனி வண்டி பிடித்து ஜெர்க் சாப்பிடப் போனபோது நடந்தது இது. அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஜெர்க், சூப்பர் மார்க்கெட் பாட்டிலில் வரும் ஒரு கறுப்பு விழுது மட்டும்தான். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஜெர்க் என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. கறியில் தடவும் மசாலாவுக்கும் ஜெர்க் என்று பெயர், அதைப் புகையில் வேகவிடும் முறைக்கும் ஜெர்க், தட்டில் வரும் பண்டமும் ஜெர்க். நமக்குத் தந்தூரி மாதிரி. தந்தூர் என்பது அடுப்பு. அதன் பெயர் கோழிக்கு ஒட்டிக்கொண்டது. தவாவில் சிவப்பு மசாலா போட்டு வறுத்தாலும் தந்தூரி என்று விற்கிறார்கள், நாமும் சாப்பிடுகிறோம், ஆனால் அடுப்பைப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும். ஜெர்க்கிலும் அதே கதைதான். மசாலா பாதி, மரம் பாதி. என்னைக் கேட்டால் மரம் பாதிக்கு மேல்.

மசாலாவில் என்ன இருக்கும் என்பதை முதலில் முடித்துவிடலாம். பிமெண்டோ என்ற காய், ஸ்காட்ச் பானட் என்ற மிளகாய், வெங்காயத்தாள், தைம் என்ற சிறு இலைச்செடி, பூண்டு, இஞ்சி, ஜாதிக்காய், பட்டை, உப்பு, மிளகு. பல கடைகளில் சோயா சாஸும் உண்டு. ஒவ்வொரு அடுப்புக்காரரும் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைப்பார், கேட்டால் சொல்லமாட்டார். எல்லாவற்றையும் அரைத்து, கறியைக் கீறி உள்ளே இறங்கும்படி தடவி, பெரும்பாலும் ஓர் இரவு ஊறவிடுகிறார்கள். இந்தப் பட்டியலில் தைம், வெங்காயத்தாள் எது குறைந்தாலும் ஜெர்க்தான். முதல் இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஜமைக்காக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

2018இல் ஒரு சிறு கலாட்டா நடந்தது. பிரிட்டனின் பிரபல சமையல்காரர் ஜேமி ஆலிவர் பெயரில் ஜெர்க் ரைஸ் என்று ஒரு பாக்கெட் கடைக்கு வந்தது. அதில் பிமெண்டோவும் இல்லை, ஸ்காட்ச் பானட்டும் இல்லை. ஜமைக்கா வழிவந்த எம்.பி. டான் பட்லர் வெளிப்படையாகவே கண்டித்தார், பெரிய விவாதமாகிவிட்டது. கடுகும் கறிவேப்பிலையும் இல்லாமல் ஒன்றைச் செய்து ரசம் என்று பெயர் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. இன்று ஜமைக்கா ஜெர்க் என்ற பெயருக்கு அந்த நாட்டில் புவிசார் குறியீடும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

பிமெண்டோ: மிளகு என்று நினைத்து வைத்த பெயர்

இந்த ஒரு காயைப் புரிந்துகொண்டால் ஜெர்க்கில் முக்கால்வாசி புரிந்துவிடும். அதனால் இங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம்.

கொலம்பஸ் கப்பலேறியதற்கு ஒரு முக்கியக் காரணம் நம் மேற்குக் கரை மிளகு. அதைத் தேடி வந்தவர்கள் கரீபியன் தீவுகளில் ஒரு மரத்தில் மிளகு போலவே உருண்டை உருண்டையாகக் காய்களைப் பார்த்தார்கள். ஸ்பானிய மொழியில் மிளகுக்குப் பிமியெந்தா என்று பெயர். அதுவே மருவி இந்தக் காய்க்குப் பிமெண்டோ ஆகி நிலைத்துவிட்டது. இதே குழப்பம் நம் பக்கமும் நடந்ததை யோசித்தால் சிரிப்பு வரும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதுக் காய்க்கு நாம் வைத்த பெயர் மிளகாய். மிளகு போல உறைக்கும் காய். ஆக, ஜெர்க்கின் இரண்டு முக்கியச் சரக்குகளில் ஒன்றுக்கு அவர்கள் மிளகின் பெயரை வைத்தார்கள், மற்றொன்றுக்கு நாம் வைத்தோம். இரண்டும் மிளகு கிடையாது.

இந்தக் காய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ஆல்ஸ்பைஸ். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்தது போல வாசம் வருவதால். பெயரைக் கேட்டுப் பல மசாலாக்கள் கலந்த பொடி என்று நினைப்பவர்கள் நிறைய. கலவையே இல்லை, ஒரே மரத்தின் காய். நம் ஊரில் இதற்குச் சர்வசுகந்தி என்று பெயர். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் சில வீட்டுக் கொல்லைகளில் பார்க்கலாம். இலையைப் பிரியாணிக்குப் போடுவார்கள். கிராம்பு, கொய்யா, நாவல் எல்லாம் இதன் பங்காளிகள், ஒரே தாவரக் குடும்பம். மரப்பட்டையைப் பார்த்தாலே கொய்யா ஞாபகம் வரும்: வழவழப்பாக, வெளிறி, தோல் உரியும். காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து வெயிலில் காயவைப்பார்கள். பழுத்துவிட்டால் வாசம் போய்விடும்.

அடுப்படியில் எனக்கு அடித்த அந்தக் கிராம்பு வாசத்துக்குக் காரணம் யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள். கிராம்பில் இருப்பதும் அதுதான், பல் டாக்டர் வைத்திருப்பதும் அதுதான். இது பிமெண்டோக் காயில் மட்டுமில்லாமல் இலையிலும் இருக்கிறது. அதனால்தான் நல்ல அடுப்பில் காயை அரைத்துக் கறியில் தடவுகிறார்கள், மரத்தைக் கட்டையாக்கி அதன் மேலேயே கறியைப் போடுகிறார்கள், சில இடங்களில் இலையையும் தணலில் போடுகிறார்கள். ஒரே மரம் மூன்று வழியாகக் கறிக்குள் போகிறது. கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் மசாலாவும் தணலில் விழுந்து புகையாகித் திரும்ப மேலே ஏறும். தகர மூடி அந்தப் புகையை வெளியே விடாது. பாதி சுடுவது, பாதி புகையூட்டுவது, பச்சைக் கட்டையின் ஈரத்தால் கொஞ்சம் ஆவியில் வேகுவது. தந்தூர் போலக் கடும் சூடு இதற்கு ஆகாது. கோழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பன்றி இன்னும் பல மணி நேரம்.

வெளிநாட்டில் இருக்கும் ஜெர்க் கடைகளில் பெரும்பாலும் இல்லாதது இந்தக் கட்டைதான். மசாலாவைப் பாட்டிலில் அடைக்கலாம். மரத்தை என்ன செய்வது?

ஸ்காட்ச் பானட் பற்றிச் சுருக்கமாக. ஸ்காட்லாந்துக்காரர் தொப்பி போல நசுங்கிய உருவம், அதனால் அந்தப் பெயர். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் வரும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் மெக்சிகோவின் ஹாலப்பீனோ 2,500 முதல் 8,000 வரை. இது 1,00,000 முதல் 3,50,000 வரை. குண்டூர் மிளகாயைவிடச் சில மடங்கு. ஆனால் கடிக்கும் முன் ஒரு நொடி பழ வாசம் வரும், மாம்பழமோ ஆப்ரிகாட்டோ என்று நாக்கு யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் அடி விழும்.

உப்புக்கண்டத்தில் தொடங்கியது

ஜெர்க் என்ற சொல் தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் காய்ந்த கறியைக் குறிக்கும் சார்க்கி என்பதிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஜெர்க்கி என்ற காய்ந்த மாட்டிறைச்சித் துண்டும் இதே வேர்தான். 1687இல் ஜமைக்காவுக்குக் கவர்னரின் மருத்துவராக வந்த ஹான்ஸ் ஸ்லோன் என்பவர் அங்கே பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார்: காட்டுப்பன்றியைப் பிளந்து, எலும்பை எடுத்து, சதையைத் தோல் வரை கீறி, உப்பை அடைத்து வெயிலில் காயவைக்கிறார்கள், அதற்கு ஜெர்க் செய்வது என்று பெயர். படித்ததும் எனக்குத் தோன்றியது, அட, நம்ம உப்புக்கண்டம்! கீறி உப்படைக்கும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது. இன்றைக்கு அதே கீறலில் மசாலா போகிறது.

இதற்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் மரூன்கள், அதாவது அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைக்குள் வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள். தீவின் ஆதிக்குடிகள் டாய்னோ மக்கள். கட்டைகளால் பரண் போல அமைத்து அதன் மேல் மீனையும் கறியையும் வாட்டுவது அவர்கள் பழக்கம். பார்பெக்யூ என்ற சொல்லே அந்தப் பரணின் பெயரிலிருந்து வந்ததுதான். ஸ்பானியர்கள் வந்தார்கள், பன்றிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். 1655இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபோது, ஸ்பானியரிடம் இருந்த ஆப்பிரிக்கர்களில் பலர் மலைக்குள் போய்விட்டார்கள். பிறகு ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். கிழக்கே நீல மலைகளிலும், மேற்கே காக்பிட் கன்ட்ரி என்ற குழிகுழியான சுண்ணாம்புக்கல் காட்டிலும் ஊர் அமைத்து, பட்டாளத்தோடு ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். தோற்கடிக்க முடியாமல் 1739இல் ஆங்கிலேயர் மேற்குப் பகுதி மரூன் தலைவர் கட்ஜோவோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கிழக்குப் பகுதி மரூன்களின் தலைவி நேனி இன்று ஜமைக்காவின் ஏழு தேசிய வீரர்களில் ஒரே பெண். 500 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. அந்த நோட்டையே ஜனங்கள் நேனி என்றுதான் சொல்கிறார்கள், நாம் காந்தி நோட்டு என்பது மாதிரி.

மலைக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குப் புகை எதிரி. எங்கே புகை எழுகிறதோ அங்கே பட்டாளம் வந்துவிடும். அதனால் பள்ளம் தோண்டி, தணலைப் போட்டு, மேலே கட்டையும் கறியும் இலையும் வைத்து மூடிவிடுவார்கள் என்பது மரூன்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. உப்பும் காரமும் பிமெண்டோவும் தடவிய கறி நாள்கணக்கில் கெடாது, தூக்கிக்கொண்டு ஓடவும் வசதி. நான் பார்த்த தகர மூடிக்குப் பின்னால் அந்த இலை மூடி இருக்கிறது.

பன்றிதான் மூலம். கோழி பின்னால் வந்து சேர்ந்தது, இன்று முந்திக்கொண்டுவிட்டது. மீன், இறால், சாசேஜ் எல்லாம் அதற்கும் பிறகு.

மலையிலிருந்து ஜெர்க் சாலையோரத்துக்கு இறங்கி வியாபாரமான இடம் என்று எல்லோரும் கை காட்டுவது போர்ட்லேண்ட் மாவட்டத்தில் போர்ட் அன்டோனியோவுக்குக் கிழக்கே இருக்கும் பாஸ்டன் பே. கடலோரச் சிற்றூர். அங்கே இன்னமும் வரிசையாக ஜெர்க் அடுப்புகள் புகைகின்றன. இதற்கு நேர் எதிர்க் காட்சி தலைநகர் கிங்ஸ்டனில் ரெட் ஹில்ஸ் ரோடு. எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்து, ஒரு பாதியை மூடியாக்கி, சக்கரத்தில் நிறுத்தி, கரியில் சுடும் கோழி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் அந்தத் தெருவே புகைமண்டலம். கோழியை வெட்டி, கெச்சப்பும் மிளகாய் சாஸும் ஊற்றி, கெட்டியான ரொட்டித் துண்டு இரண்டை வைத்து அலுமினியத் தாளில் சுருட்டித் தருவார்கள். இதற்குப் பெயர் பான் சிக்கன். இது ஜெர்க்தானா என்று கேட்டால் அங்கேயே இரண்டு கட்சி. என் கட்சி: ருசி பிரமாதம், ஆனால் பிமெண்டோக் கட்டை இல்லை, அதனால் ஜெர்க்கின் சித்தப்பா பையன்.

அரைநாளில் எவ்வளவு முடியும்?

தனி வழிகாட்டியோடு போவது என்றால் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவரே வண்டி ஓட்டுவார், அவரே கதை சொல்வார். மூன்று நான்கு மணி நேரம், உங்கள் குடும்பம் மட்டும். ஹோட்டலில் தங்கியிருப்பவர்களும், கப்பலில் வந்து ஃபால்மத், ஓச்சோ ரியோஸ், மான்டிகோ பே துறைமுகங்களில் ஒரு பகல் மட்டும் இறங்குபவர்களும் இதைத்தான் எடுக்கிறார்கள். பேருந்தில் முப்பது பேரோடு போனால் எல்லோரும் இறங்கி ஏறவே நேரம் போய்விடும், அடுப்புக்காரரிடம் நின்று பேச முடியாது. ஜெர்க்குக்குத் தனி வண்டியே சரி. நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, நாமே வாடகைக் கார் ஓட்டலாமே என்று தோன்றும். மலைச்சாலை வளைவில் எதிரே வரும் மினிபஸ்ஸைப் பார்த்தபின் அந்த ஆசை எனக்குப் போய்விட்டது.

வண்டியின் நம்பர் பலகை சிவப்பு நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு ஆளேற்ற உரிமம் பெற்ற வண்டிக்குத்தான் அந்தச் சிவப்புப் பலகை. ஜூட்டா என்று எழுதியிருந்தால் அது சுற்றுலா டிரைவர்கள் சங்கத்தின் வண்டி. கூலியைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், ஆளுக்கா வண்டிக்கா என்பதையும் சேர்த்து. சாப்பாட்டுக் காசு அதில் சேருமா என்பது தனிக் கேள்வி. கேட்காவிட்டால் கடைசியில் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கடைகண்ணிக்குப் போக வேண்டாம், சாப்பாடு மட்டும். நான் சொல்லவில்லை. எங்கள் நாலு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் ஒரு பரிசுப்பொருள் கடையில் கரைந்தது. மரத்தில் செதுக்கிய ஆமை ஒன்றைக் கையில் பிடித்தபடி, வாங்காமல் வெளியே வருவது எப்படி என்று நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் நல்ல மனிதர்தான். கடைக்கு ஆளைக் கொண்டுபோய் விட்டால் அவருக்குக் கொஞ்சம் கிடைக்கும், உலகம் முழுக்க நடப்பதுதான். ஆமை இப்போது என் மேசையில் இருக்கிறது.

பாஸ்டன் பேக்கே போய்விடலாமே என்று மேப்பைப் பார்த்ததும் ஆசை வரும். ஓச்சோ ரியோஸிலிருந்து போர்ட் அன்டோனியோ 100 கிலோமீட்டர்தான், ஆனால் கடலோரச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, அதைத் தாண்டிப் போகவேண்டும். மான்டிகோ பேயிலிருந்து என்றால் நினைக்கவே வேண்டாம். அரைநாள்காரர்களுக்கு அது கிடையாது. அங்கே போவதென்றால் போர்ட்லேண்டிலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். பான் சிக்கனும் அப்படித்தான், பொழுது சாய்ந்த பிறகு தொடங்கும் வியாபாரம், கப்பல்காரர்களுக்கு எட்டாது.

வடகரையிலேயே போதுமான அடுப்புகள் இருக்கின்றன. ஸ்காட்சீஸ் என்ற கடை மான்டிகோ பேயில் தொடங்கி, ஓச்சோ ரியோஸுக்கு மேற்கே ட்ராக்ஸ் ஹாலிலும் கிளை வைத்தது. பிமெண்டோக் கட்டையும் தகரமுமாக அந்தப் பழைய முறையைச் சுற்றுலாக்காரர்கள் கண்ணுக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் தெரியாத சாலையோர அடுப்பு ஒன்றும் வேண்டும் என்று டிரைவரிடம் கேளுங்கள், அவர் வழக்கமாகச் சாப்பிடும் இடம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். ஓச்சோ ரியோஸிலிருந்து தெற்கே போனால் ஃபெர்ன் கலி என்று சுமார் 5 கிலோமீட்டர் சாலை, பழைய ஆற்றுப்படுகையில் போட்டது. இரண்டு பக்கமும் பெரணிச் செடிகள் கவிந்து பகலிலேயே இருட்டாக இருக்கும். அதைத் தாண்டினால் வாக்கர்ஸ்வுட் கிராமம். உலகம் முழுக்கப் போகும் ஜெர்க் விழுது பாட்டில் ஒன்று அந்த ஊர்ப் பெயரில்தான் வருகிறது. வயிற்றுக்கு இடைவெளி கொடுக்க நல்ல வழி.

இரண்டு அடுப்பு போதும். மூன்றாவதில் நாக்கு வேலை செய்யாது.

கவுண்டரில் நின்றபின்

போனதும் முதலில் அடுப்பைப் பாருங்கள். கட்டையா, வெறும் கம்பிவலையா? தகரம் மூடியிருக்கிறதா? கேஸ் அடுப்பா? பின்பக்கம் வரலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் காட்டுவார்கள். தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

ஆர்டர் எடை கணக்கில். பன்றி கால் பவுண்டு, அரை பவுண்டு, ஒரு பவுண்டு. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். கோழி கால், அரை, முழுசு. இருவர் என்றால் கால் கோழியும் கால் பவுண்டு பன்றியும் சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த அடுப்பு காத்திருக்கிறது. சொன்னதும் அடுப்பிலிருந்து ஒரு துண்டு மரக்கட்டைமேல் வரும். அகலக் கத்தியால் டக் டக் டக் என்று எலும்போடு சேர்த்து வெட்டுவார்கள். நான் பார்த்த ஆள் கறியையே பார்க்கவில்லை. எங்கள் டிரைவரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே வெட்டினார், கிறிஸ் கெய்ல் பற்றி ஏதோ புகார். விரல்கள் பத்தும் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். எலும்புச் சிதறல் இருக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம்.

வெளித்தோல் கறுப்பாக இருக்கும். கருகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மசாலாவும் புகையும் படிந்த கறுப்பு அது. உள்ளே கோழி ஈரமாக, எலும்போரம் இளஞ்சிவப்பாகக்கூட இருக்கலாம். புகையில் வெந்த கறிக்கு அப்படி நிறம் வருவதுண்டு. ஆனால் சாறு சிவப்பாக வழிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் போடச் சொல்லலாம், தப்பில்லை.

இப்போது காரம். நான் காரத்துக்குப் பேர்போன குடும்பம், கோங்குரா ஊறுகாயைச் சோற்றோடு அல்ல, சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுகிற ஆள். அந்தத் தைரியத்தில் பக்கத்தில் வைத்திருந்த சாஸைத் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். கறிக்குள் இருக்கும் காரம் பொறுக்கக்கூடியதுதான், புகையும் கொழுப்பும் அதை அடக்கி வைத்திருக்கும். சாஸ் அப்படியில்லை, அது பச்சை ஸ்காட்ச் பானட். காது அடைத்தது. தண்ணீர் குடித்தேன், இன்னும் மோசமானது. மிளகாயின் உறைப்புப் பொருள் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். மாவுப்பண்டம், கொழுப்பு, பால் இவைதான் தணிக்கும். டிரைவர் ஒன்றும் பேசாமல் அவர் தட்டிலிருந்து ஒரு ஃபெஸ்டிவலை எடுத்து என் கையில் வைத்தார்.

ஃபெஸ்டிவல் என்றால் திருவிழா இல்லை. மக்காச்சோள மாவும் மைதாவும் கொஞ்சம் சர்க்கரையும் பிசைந்து விரல் நீளத்தில் எண்ணெயில் பொரித்தது. ஏறக்குறைய இனிப்பு போண்டா. ஜெர்க்குக்கு இது துணை இல்லை, மருந்து. பாமி என்பது மரவள்ளிக்கிழங்கு மாவில் தட்டிய கெட்டி ரொட்டி, டாய்னோ மக்கள் விட்டுப்போன பண்டம். சுட்ட ஈரப்பலா கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். 1793இல் கேப்டன் பிளை பசிபிக் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்தார், தோட்ட அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட. இன்று நெருப்பில் முழுசாகப் போட்டுத் தோல் கரிய சுட்டு, கீறி வைப்பார்கள். ருசி உருளைக்கும் ரொட்டிக்கும் நடுவில். ரைஸ் அண்ட் பீஸ் என்று பலகையில் பார்த்தால் பட்டாணிச் சாதம் என்று நினைக்காதீர்கள். ராஜ்மா போன்ற சிவப்புப் பயற்றைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு அது, கிறிஸ்துமஸ் சமயத்தில் அதையே பச்சைத் துவரையில் செய்வார்கள். நம் வயிறு உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

குடிக்க இளநீர் உண்டு, டிங் என்ற கிரேப்ஃப்ரூட் சோடா உண்டு. பீர் குடிப்பவர்களுக்கு 1928இலிருந்து வரும் ரெட் ஸ்ட்ரைப். எனக்குப் பிடித்தது டிங். அதன் லேசான கசப்பு கொழுப்பை வெட்டிவிடுகிறது.

பக்கத்துப் பலகையில் கறி கோட் என்று எழுதியிருக்கும். ஆட்டுக்கறிக் குழம்பு. இது ஜெர்க் குடும்பம் இல்லை, நம் பக்கத்துச் சொந்தம். 1845 மே 10 அன்று முதல் இந்தியத் தோட்டக்கூலிகள் ஜமைக்காவில் இறங்கினார்கள். 1917 வரை வந்தவர்கள் 36,000 பேருக்கு மேல். பெரும்பகுதி வடக்கே கல்கத்தா வழியாக, கொஞ்சம் பேர் சென்னையிலிருந்தும். அவர்கள் கொண்டுபோன மஞ்சள் மசாலாவில் வெந்த ஆடுதான் இன்று கல்யாணம், சாவு எதுவானாலும் ஜமைக்கா வீடுகளில் முதல் பந்தி. ஒரு வாய் சாப்பிட்டேன். குழம்பில் கறிவேப்பிலை இல்லை, தைம் இருந்தது.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ராஸ்தஃபாரி என்ற ஜமைக்காச் சமய வழியினர் கறி தொடாத, பலர் உப்பும் சேர்க்காத ஐட்டல் என்ற உணவைக் கடைப்பிடிக்கிறார்கள். ஐட்டல் கடை ஒன்றில் நிறுத்தச் சொல்லிவிட்டால் தேங்காய்ப்பாலில் வெந்த காய்கறியும் பயறும் கிடைக்கும். ஜெர்க் கடையில் ஈரப்பலா, பாமி, சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு உண்டு. ஃபெஸ்டிவல் பொரித்த எண்ணெயில் மீனும் பொரித்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கட்டையில் பன்றியும் கோழியும் வேகும் இடங்களும் உண்டு, பன்றி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

காசு விஷயத்தில் ஒரு வார்த்தை. அமெரிக்க டாலரை எங்கும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஜமைக்கா டாலர் தனி. ஒரு அமெரிக்க டாலருக்கு 150க்கு மேல் வரும். பலகையில் 1,500 என்று பார்த்து மயங்கி விழாதீர்கள். சாலையோரக் கடையில் உள்ளூர் நோட்டாகக் கொடுத்தால் கணக்கு நேராக இருக்கும், மீதிச் சில்லறையில் நேனி வருவார்.

திரும்பும்போது பாட்டில் விழுதும் காய்ந்த பிமெண்டோவும் வாங்கி வந்தேன். வீட்டில் கேஸ் அடுப்பில் செய்த கோழி நன்றாகத்தான் இருந்தது, மசாலாக் கோழி. அப்புறம் ஒருமுறை நாகர்கோவிலில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது கொல்லையில் சர்வசுகந்தி மரம் நிற்பதைப் பார்த்தேன். கழித்துப் போட்ட கிளைகள் இரண்டு மூன்று வேலியோரம் கிடந்தன. செங்கல் நாலு அடுக்கி, சிரட்டைக்கரித் தணல் போட்டு, மேலே அந்தக் கட்டைகளை வரிசையாக வைத்து, கோழியைப் பிளந்து போட்டு, மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு பழைய தகரத்தை எடுத்துக் கழுவி மூடினேன். ஒரு மணி நேரம் போலாகியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார். "என்ன, பிரியாணியா? இலையைக் கருக விட்டுட்டீங்க போல!"